ரெண்டு ஜீப்பும் ஆறு டஜன் வளையலும்

20-8-94 சனி

விடிஞ்சதிலிருந்து காத்து. ஆடி போயும் ஆடிக்காத்து போகலை. கடை வாசல்ல நாலு வாளி தண்ணி தெளிச்சும் கண்ணாடிப் பெட்டி மேல புழுதி. வளையலைத் துடைக்கிறதா, வந்தவுகளுக்குப் போட்டு விடுறதா.

இன்னைக்கு வேலை: பார்சல் ஆபீசு (சரக்கு இன்னும் வரலை. 'நாளைக்கு'ங்குறான். அவன் நாளைக்குன்னா அடுத்த வாரம்). டாக்டரம்மா. வீட்டுக்கு பல்பு ஒண்ணு.

பல்பு மறந்துபோச்சு.

டா. அம்மாகிட்ட பரளச்சி நர்சம்மா எழுதிக் குடுத்த சீட்டைக் காட்டினேன். அங்க கட்டிக் குடுத்த மக கோமதிக்கு ஏழாம் மாசம். போன வாரம் லேசா ரத்தம் பட்டு, தானா நின்னுருக்கு. டா. அம்மா சீட்டை ரெண்டு தரம் படிச்சாக. ஒரு தரம் படிச்சா நல்ல சேதி, ரெண்டு தரம் படிச்சா வேற என்னமோ.

"ஒரு வாரம் படுத்தே இருக்கட்டும். அப்பறம் இங்க கொண்டாந்துருங்க. பிரசவம் வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதான் இருக்கணும். படுக்க வச்சே கூட்டிட்டு வாங்க. குலுங்கக் கூடாது."

"பரளச்சி ரோட்டுல குலுங்காம எப்படிம்மா?"

"அது உங்க பாடு. குலுங்குனா என்னைக் கேக்காதீங்க."

போன வருசம் பங்குனிப் பொங்கலுக்கு கோமதியை பஸ்ஸுல வரச் சொன்னது நான்தான். அப்ப அஞ்சாம் மாசம். கடைசி சீட்டுதான் கெடைச்சதாம். வந்த மறுநாள் கலைஞ்சிருச்சு. பஸ்ஸாலதான்னு டாக்டரம்மா சொல்லலை. சம்பந்தி சொல்லலை. கோமதியும் சொல்லலை. எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்லாம இருக்குறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா.

டாக்சிக் காரு ஆகாது. பரளச்சிக்கு இங்கிட்டு ஓடை. பாலம் பாதியில நிக்குது. ஓடைக்குள்ள எறங்கித்தான் ஏறணும், காருக்கு அடி தட்டும். ஜீப்புதான்.

21-8 ஞாயிறு

பரளச்சி. போகும்போது பஸ்ஸு. மடியில வளையல் பெட்டி.

கோமதி கட்டில்ல. கால்மாட்டுக்கு ரெண்டு செங்கல் வச்சு உசத்தியிருக்காக. "எப்படித்தா இருக்க?"ன்னேன். "பொருட்காச்சி மாதிரி ஊரே வந்து பாத்துட்டுப் போகுதுப்பா. டிக்கெட்டு போட்டா தேவலை." சிரிச்சா. முகம் வெளுத்துத்தான் இருக்கு.

சம்பந்தி முந்திக்கிட்டாரு. "எங்க வீட்டு மருமகளை எங்க ஜீப்புலதான் அனுப்புவேன். அதுதான் மரியாதை. மூணு எலெக்சனுக்கு ஓடுன வண்டி, ஒரு தடவை வழியில நின்னதில்லை."

நிக்குறதைப் பத்தி யாரு கேட்டா. ஓடுறதைப் பத்தித்தான் எனக்குக் கவலை.

சரின்னு தலையாட்டிட்டு, திரும்பி வர அந்த ஜீப்புலயே ஏறினேன். மாப்பிள்ளை ஓட்டுனாரு. பின்னாடி கோமதி படுக்கப்போற எடத்துல வளையல் பெட்டியை வச்சேன். முப்பது வருசமா வடக்கே இருந்து கண்ணாடி வளையல் எடுக்குறேன். ரோடு எப்படி, வண்டி எப்படின்னு எந்த டிரைவர் சொல்லையும் நம்புனதில்லை. பெட்டியைப் பிரிச்சா உடைசல் சொல்லிரும். அதே கணக்கை இங்க வச்சேன். ரெண்டு நாலு சைஸு, பச்சை, ஆறு டஜன். கட்டியிருந்த நூலை அவுத்து விட்டாச்சு. வைக்கோல் இல்லை. தாள் இல்லை. எழுபத்திரண்டும் தன் பாட்டுக்கு.

ஜீப்பு: ஸ்பிரிங் பட்டையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் கட்டியிருக்கு, அசையுற சாமானாவே தெரியலை. கல்லுல ஏறுனா கல்லு தெரியுது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம் தெரியுது. பள்ளத்துக்குள்ள கெடக்குற கல்லும் தெரியுது. ரெண்டு தடவை தலை மேல இடிச்சது.

மாப்பிள்ளை: "காலி வண்டி மாமா, அதான் தூக்கிப் போடுது. பத்து மூட்டை லோடு ஏத்துனா மெத்துனு போகும்."

பத்து மூட்டையை ஏத்திட்டு புள்ளையை எங்க படுக்க வைக்கிறது? கேக்கலை. மாப்பிள்ளையாச்சே.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். உடைசல் பதினொண்ணு. கீறல் விட்டது நாலு. இங்கேயே எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரி சரசு எட்டிப் பாத்துட்டு அடுப்படிக்குப் போனா.

22-8 திங்கள்

வியாபாரம் மந்தம். ஒரு கல்யாண வீட்டுக்காரி மட்டும் ரெண்டு மணி நேரம் உக்காந்து எல்லாத்தையும் எறக்கச் சொல்லி, ரெண்டு ரிப்பன் வாங்கிட்டுப் போனா.

மத்தியானம் வீரசோழன் ஜமால் பாய் வந்தாரு. அங்க சின்னதா பேன்சி கடை, என்கிட்டதான் சரக்கு எடுக்குறாரு. மலேசியாவுல இருபது வருசம் இருந்துட்டு வந்தவரு. வரும்போது ஒரு ஃபாரின் ஜீப்பும் கப்பல்ல வந்துச்சு. ஊரே போயிப் பாத்துச்சு, நான் போகலை.

பேச்சுவாக்குல கோமதி விசயம் சொன்னேன். அவரு உடனே, "அண்ணாச்சி, என் வண்டியை எடுத்துக்குங்க. நானே ஓட்டிட்டு வாரேன். மெத்தையில படுத்தாப்புல இருக்கும்."

"வாடகை?"

"புள்ளத்தாச்சியைக் கூட்டிட்டு வர வாடகையா? போங்க அண்ணாச்சி."

சும்மா தர்றேன்னாரே, அங்கதான் எனக்கு இடிச்சது. அதுக்கப்பறம் சொன்னது அதைவிட. கியருக்குப் பக்கத்துல ஒரு பித்தான் இருக்காம். ஒரு பக்கம் அமுக்குனா ஸ்பிரிங்கு இளகிரும், மறுபக்கம் அமுக்குனா இறுகிரும். அதோட விட்டாரா. ஓட்டம் கூடுனா, பித்தானைத் தொடாமலே வண்டி அதுவா இறுக்கிக்குமாம்.

"அதுவா செய்யும்னா அப்பறம் பித்தான் எதுக்கு பாய்?"

"மெதுவாப் போகும்போது அதுக்குத் தெரியாது, நம்மதான் சொல்லணும். வேகமாப் போனா நம்ம சொல்லாமலே செய்யும்."

இப்படி ஒரு வேலையாள் கடைக்குக் கெடைச்சா எவ்வளவு நல்லா இருக்கும். கெடைக்கலை. அதனாலதான் நம்பலை. அந்தப் பித்தான்ல ஒரு சின்ன லைட்டு எரியும்னு அவரே சொன்னாரு. லைட்டு மட்டும்தான் எரியுதோ என்னமோ.

சரி, பாத்துருவோம். புதன்கிழமை.

24-8 புதன்

காத்து. புழுதி. சோளம் வெதைக்க உழுது போட்ட காடெல்லாம் பறந்து ரோட்டுக்கு வருது.

பாய் வண்டி. வெள்ளை. ஏற ஒரு படி. உள்ள சென்ட் வாசனை, எனக்குத் தலை வலிக்கும். பின்னாடி சீட்டை மடக்கி, பழைய மாதிரியே பெட்டி: ரெண்டு நாலு, பச்சை, ஆறு டஜன், நூல் இல்லை. நான் முன்னாடி, பித்தானுக்குப் பக்கத்துல.

ஊரைத் தாண்டுனதும் ஜல்லி பேந்த எடத்துல இளக்கத்துல வச்சுப் பாத்தேன். கல்லு மேல ஏறுறது கண்ணுக்குத் தெரியுது, உக்காந்த எடத்துல தெரியலை. இறுக்கத்துல வச்சேன். கல்லு தெரிஞ்சுச்சு. மறுபடி இளக்கம். மறுபடி இறுக்கம். எட்டுப் பத்துத் தடவை. பாய் லேசாச் சிரிச்சாரு. வித்தியாசம் நெசமா, இல்லை பித்தானை அமுக்குறோங்குற நெனப்பா? கண்ணை மூடிக்கிட்டு, "நீங்க அமுக்குங்க பாய், எதுல வச்சிருக்கீகன்னு நான் சொல்றேன்"ன்னேன். பத்துல ஒம்பது சரியாச் சொன்னேன். அப்ப நெசம்தான். அந்தப் பத்தாவது எப்படித் தப்புச்சு?

கேட்டதுக்கு, "அப்ப வேகமாப் போனோம்ல, அதுவா இறுகியிருக்கும்." எல்லாத்துக்கும் கைவசம் பதில் வச்சிருக்காரு.

பரளச்சி வரைக்கும் போயி, இளக்கத்துல வச்சே திரும்பினோம். காத்துச் சத்தத்துல பின்னாடி ஒண்ணும் கேக்கலை. டவுனு வந்ததும் பார்சல் ஆபீசுல சரக்கு வந்து கெடக்குன்னு சொன்னாக. எறங்கிட்டேன். பாளையம்பட்டியில எங்க வீட்டுல பெட்டியைக் குடுத்துட்டுப் போறேன்னாரு பாய். அவருகிட்ட விட்டிருக்கக் கூடாது. கூடவே போயிருக்கணும்.

சாயங்காலம் பிரிச்சேன். எழுபத்திரண்டும் முழுசு. கீறல் கூட இல்லை.

25-8 வியாழன்

தூக்கம் இல்லை. முழு எழுபத்திரண்டு. பஞ்சுல சுத்தி ரயில்ல வந்தாலே டஜனுக்கு ஒண்ணு போகும்.

காலையில ஒண்ணொண்ணா வெரலை விட்டுப் பாத்தேன். எல்லாம் ரெண்டு நாலு. ஒண்ணைத் தவிர. அது ரெண்டு ஆறு. அதே பச்சை, அதே பூ. ஆனா ஒரு சைஸு பெருசு. கடையில எவன் கண்ணுக்கும் தெரியாது, என் வெரலுக்குத் தெரியும். நான் கையால எண்ணி வச்சது ரெண்டு நாலு மட்டும். ஆக, உடைஞ்சதை எடுத்துட்டு வேற வளையல் வச்சிருக்காக.

யாரு?

பாய். அவரு கடையில என் சரக்குத்தான், அதே பச்சை இருக்கும். வண்டி பேரு கெடக்கூடாதுன்னு செஞ்சிருப்பாரு. வேற யாரு பெட்டியைத் தொட்டா? டவுனுல இருந்து பாளையம்பட்டி எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆச்சு? சரசுகிட்ட கேட்டேன், "பாய் எத்தனை மணிக்கு வந்தாரு?" "எனக்கென்ன தெரியும், கடிகாரத்தையா பாத்துக்கிட்டு இருக்கேன்"ன்னா. அவ அப்படிச் சொல்ற ஆளில்லை. என்னமோ எரிச்சல்.

சும்மா தர்றேன்னப்பவே நெனச்சேன். வண்டியை நாலு பேருக்குக் காட்டி விக்கப் பாக்குறாரோ? என் புள்ளையா கெடைச்சா, வெள்ளோட்டம் விட?

பல்பு இன்னும் வாங்கலை.

26-8 வெள்ளி

காலையில சட்டையைப் போட்டேன். வீரசோழன் போயி நாலு வார்த்தை கேக்கணும். சரசு காபி குடுக்க வந்தவ, "எங்க?"ன்னா. சொன்னேன். பாய் பித்தலாட்டம் பண்ணிட்டாரு, மூஞ்சிக்கு நேராக் கேக்கப் போறேன்.

அவ டம்ளரைக் கீழ வச்சா.

"அவுகளை ஒண்ணும் கேக்காதீக. நான்தான் மாத்துனேன்."

நம்பலை முதல்ல. அப்பறம் கொட்டுனா பாருங்க.

"புள்ளத்தாச்சி பேரைச் சொல்லி வளையலை ஒடைச்சு ஒடைச்சு எண்ணுறீகளே, பெத்த அப்பன் செய்யுற காரியமா இது? பதினொண்ணுன்னு எழுதி வேற வச்சிருக்கீக. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை. ஒரு தடவை பாத்தாச்சு, ரெண்டாந்தடவையும் அந்தப் பெட்டியில உடைஞ்சு கெடக்குறதைப் பாக்க என்னால ஆகாது. ஒண்ணை எடுத்துப் போட்டா, உள்ரூம்புச் சரக்குல இருந்து நல்லதா ஒண்ணு வச்சேன்."

"எத்தனை உடைஞ்சிருந்துச்சு?"

"எண்ணலை."

"குத்துமதிப்பா? அஞ்சா, பத்தா?"

"எண்ணக் கூடாதுன்னுதானே எடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டுப் பொறுக்குனேன்."

கண்ணை மூடிக்கிட்டு. ரெண்டு ஆறு எப்படி வந்துச்சுன்னு இப்பத் தெரியுது.

கோவம் வந்துச்சு. பார்சல் ஆபீசுக்காரன், சம்பந்தி, பாய், அந்தப் பித்தான், எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். அடுப்படிப் பக்கம் என் சந்தேகம் போகவே இல்லை. இருபத்தஞ்சு வருசம் ஒரே வீட்டுல. பாய்கிட்ட இந்நேரம் என்னென்ன பேசியிருப்பேன்னு நெனச்சா உடம்பு கூசுது.

ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரணும். கையில இருக்குறது ஒரு வண்டியோட கணக்குத்தான். மறுபடி ஒரு பெட்டி வைக்கலாமான்னு வாயெடுத்தேன். "இன்னொரு பெட்டியைத் தொட்டீக, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்"ன்னா. அவுக அம்மா வீடு அடுத்த தெரு.

அடுப்படிக்குப் போகும்போது சொன்னா: "வளையலு என்னத்தைச் சொல்லும். உங்களுக்கு முதுகு இல்லையா? அவ படுக்கப்போற எடத்துல நீங்க படுத்துப் பாருங்க."

27-8 சனி

படுத்துப் பாத்தேன்.

போறப்ப சம்பந்தி ஜீப்பு. மாப்பிள்ளை வத்தல் மூட்டை எறக்க டவுனுக்கு வந்திருந்தாரு. காலி வண்டியில மெத்தை விரிச்சு, நீட்டிப் படுத்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெண்டு பேரு பேசுனது காதுல விழுந்துச்சு.

"ஏலே, வளையக்கடை அண்ணாச்சியைத் தூக்கிட்டுப் போறாகடா. என்னாச்சு?"

"நேத்துக்கூட நல்லாத்தான்டா இருந்தாரு."

எந்திரிச்சுச் சொல்லலாம்னா அடுத்த பள்ளம் படுக்க வச்சிருச்சு. உக்காந்து வந்தப்ப தலைக்குத்தான் இடி. படுத்தா இடுப்பெலும்புக்கு, தோளுக்கு, பின்மண்டைக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனேன். ஓடையில மட்டும் ஆச்சரியம், அலுங்காம எறங்கி அலுங்காம ஏறுச்சு. மத்த எடமெல்லாம் என் புள்ள இதுல வர வேண்டாம்.

திரும்பி வர பாய் வண்டி. வரச் சொல்லி எஸ்.டி.டி. பூத்துல இருந்து சொல்லியிருந்தேன். இளக்கத்துல. படுத்தா இன்னும் தெரியலை கல்லு. கண்ணு சொக்குது. ஆனா ஓடை வந்துச்சு பாருங்க. எறங்கும்போது ஒரு பக்கம் சாயுது, மறுபக்கம் சாயுது, தூளி ஆட்டுறாப்புல. ஏறி முடிக்கும்போது வயித்தைப் பெரட்டி, நிறுத்தச் சொல்லி எறங்கி வாந்தி. பாய் தண்ணி குடுத்தாரு. திருப்பிக் கொண்டுபோயி, இறுக்கத்துல வச்சு அதே ஓடையைத் தாண்டினோம். நேரா நின்னுச்சு வண்டி. ஆட்டமே இல்லை.

முடிவு: பாய் வண்டி. ரோட்டுல இளக்கம். ஓடைக்கு முன்னாடி இறுக்கம். தாண்டுனதும் இளக்கம்.

வரும்போது கேட்டேன், எதுக்கு பாய் சும்மா செய்யுறீகன்னு. "என் தங்கச்சியைப் பிரசவத்துக்கு மாட்டு வண்டியில கொண்டு போனாக அண்ணாச்சி. நான் அதுக்கு முந்தியே கப்பல்ல போயிட்டேன். கடுதாசிதான் வந்துச்சு."

இதையும் சந்தேகப்பட ஒரு மனசு இருக்கு எனக்கு. அதை என்ன செய்யுறது.

ஆனாலும் பித்தானை நான்தான் அமுக்குவேன்னு சொல்லிட்டேன். அவரு ஓட்டட்டும். ஓட்டுற நெனப்புல மறந்துருவாக. "சரி அண்ணாச்சி, உங்க கையிலேயே இருக்கட்டும்"ன்னாரு.

28-8 ஞாயிறு

தேய்பிறை. டாக்டரம்மா பஞ்சாங்கம் பாக்கலை, நாங்களும் பாக்கலை.

பரளச்சியில காலையிலேயே வளைகாப்பு. அஞ்சு பொம்பளைக மட்டும். படுத்த வாக்கிலேயே. வலது கைக்கு இருபத்தொண்ணு, இடது கைக்கு இருபது. கடையில நானே ஒவ்வொண்ணா சுண்டிப் பாத்து, கீறல் இல்லாததா எடுத்தது. சம்பந்தி மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாரு. "உங்க ஜீப்பு முன்னாடி போயி வழி காட்டட்டும் சம்பந்தி, சீர் சாமானெல்லாம் அதுலதான். இந்த ரோடு அதுக்குத்தான் தெரியும்"ன்னேன். கொஞ்சம் எறங்கி வந்தாரு.

பின்னாடி மெத்தையில கோமதி. பக்கத்துல சரசு. முன்னாடி பாய், நான். இளக்கத்துல வச்சு, வெரலை எடுக்கலை. மாட்டு வண்டி வேகம். கோமதி சத்தமே இல்லை. எனக்கு அதுதான் பயம். திரும்பித் திரும்பிப் பாத்தேன். "முன்னாடி பாருங்க"ன்னா சரசு.

ஓடை தெரிஞ்சுச்சு. சம்பந்தி ஜீப்பு எறங்கி, அலுங்காம ஏறிப் போச்சு. பாய் என்னைப் பாத்தாரு. நான் பித்தானைப் பாத்தேன். அப்பப் பாத்து பின்னாடி, "அப்பா"ன்னா.

திரும்பிட்டேன்.

"ஓடை வந்துருச்சாப்பா?" அவ்வளவுதான் கேட்டா. வலியும் இல்லை ஒண்ணும் இல்லை. நான் அவ மொகத்தையே பாத்துக்கிட்டு, "வந்துருச்சுத்தா"ன்னு சொல்லி முடிக்கல, வண்டி சாஞ்சிருச்சு. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். சரசு அவளை அணைச்சுப் பிடிச்சா. ஒரு சத்தம் கேட்டுச்சு. சின்னச் சத்தம். முப்பது வருசமா கேக்குற சத்தம், எந்தக் கூட்டத்துலயும் எனக்குத் தெரியும்.

அப்பத்தான் அமுக்கினேன். வண்டி ஏறி முடிச்சிருச்சு.

பாய் பித்தானைப் பாத்தாரு. என்னைப் பாக்கலை. திட்டியிருக்கலாம். எதிர்ல வந்த ஆளையெல்லாம் சந்தேகப்பட்டவன், என் வெரலைச் சந்தேகப்படலை.

மறுபடி இளக்கத்துல வச்சேன். டவுனு வர வரைக்கும் பின்னாடி திரும்பலை.

ஆஸ்பத்திரி. வெளியே பெஞ்சுல நான், பாய், சம்பந்தி. அரை மணி நேரம் இருக்கும். டா. அம்மா வந்து, "ரத்தம் படலை. புள்ளத் துடிப்பு நல்லா இருக்கு. நல்லபடியாத்தான் கொண்டாந்திருக்கீங்க"ன்னாக. சம்பந்தி என் தோளைத் தட்டுனாரு. பாய் எந்திரிச்சுப் போயி மூணு டீ வாங்கிட்டு வந்தாரு. என் டீயை பெஞ்சு மேலேயே வச்சுட்டேன்.

சாயங்காலம். வீடு. கோமதி தூங்குறா. சரசு முந்தியில ஒரு முடிச்சு. எப்பவும் வெத்தலை முடியுற எடம். அவ குனிஞ்சு எந்திரிக்கும்போது லேசாச் சத்தம் கேட்டுச்சு. வெத்தலை சத்தம் போடாது.

அவளைக் கேக்கலை. கோமதி கட்டில் பக்கத்துல போயி உக்காந்தேன். ரெண்டு கையும் மெத்தை மேல நீட்டிக் கெடக்கு. வலது இருபத்தொண்ணு, இடது இருபது. எண்ண எனக்கு ஒரு நிமிசம் ஆகாது.

போர்வையை இழுத்து ரெண்டு கையையும் மூடி விட்டேன்.